மதனகாமப்பூ பூவே அல்ல

வேலூர் லாங் பஜாரில் நாட்டு மருந்துக் கடைப் பக்கம் போய் வந்தவர்களுக்கு அந்த வாசனையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுக்கும் வசம்பும் சாம்பிராணியும் கலந்த வாசனை. மூட்டைகளின் வாயைச் சுருட்டிவிட்டு வரிசையாக வைத்திருப்பார்கள். மசாலாவுக்குப் போடும் கல்பாசி இருக்கும். நோன்பு மாதத்தில் அதிகம் போகும் கடற்பாசி இருக்கும். மலையிலிருந்து யாராவது கொண்டுவந்தால் முடவாட்டுக்கால் கிழங்கு இருக்கும். கடுக்காயும் காய்ந்த ஆவாரம்பூவும் எப்போதும் உண்டு. உள்ளே ஒரு டப்பாவில், கொஞ்சம் மறைவாக, மதனகாமப்பூ இருக்கும். அது எதற்கு என்று வாங்குகிறவரும் உரக்கக் கேட்கமாட்டார், விற்கிறவரும் உரக்கச் சொல்லமாட்டார்.

தாவரங்களைப் பற்றிப் பள்ளிப் பாடப் புத்தகம் எழுதுகிறவர் இந்த ஒரு கடையை வைத்தே பாதிப் புத்தகத்தை முடித்துவிடலாம். கடலில் வளரும் பாசி, பூக்காத பெரணி, பூவில்லாமல் விதை மட்டும் வைக்கும் மரம், பூத்துக் காய்க்கும் செடி என்று தாவர உலகத்தின் பெரிய பிரிவுகளில் இருந்து ஆளுக்கு ஒருவர் இங்கே மூட்டையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இவை ஒவ்வொன்றும் எப்படித் தன் இனத்தைப் பெருக்குகிறது என்பதை மனிதன் கண்டுபிடிக்க இருநூறு வருஷத்துக்கு மேல் ஆனது. அந்தக் கதையில் நம்ம ஆற்காட்டுக்கு ஒரு தொடர்பு உண்டு. சென்னைக்கு ஒரு பெருமை உண்டு. தோல் தொழிலுக்கு ஒரு கணக்கு உண்டு.

நான் படித்தது பாண்டிச்சேரியில், பிரெஞ்சு வழியில். இயற்கைப் பாடத்தில் முதல் நாளே செடிகளை இரண்டாகப் பிரித்து எழுதச் சொன்னார்கள்: ஃபனெரோகாம், கிரிப்தோகாம். கிரேக்க மொழியில் முதலாவதற்கு வெளிப்படையான கல்யாணம் என்று பொருள். இரண்டாவதற்கு ரகசியக் கல்யாணம். பன்னிரண்டு வயதுப் பையன்கள் நிறைந்த வகுப்பில் எங்கள் வாத்தியார் இந்தப் பொருளை மட்டும் சொல்லாமல் தாண்டிவிட்டார். பிறகு லரூஸ் அகராதியைப் புரட்டித்தான் தெரிந்துகொண்டேன்.

செடிக்கும் கல்யாணம் உண்டு என்பது நம் பனையேறிகளுக்குப் புதுச் செய்தி அல்ல. ஆண் பனை நுங்கு வைக்காது, பெண் பனைதான் வைக்கும் என்று நம் கிராமத்துக் குழந்தைக்கும் தெரியும். பப்பாளி வைத்தவர்களும் இதைச் சொல்வார்கள். ஆனால் பூக்களில் ஆண் பெண் பாகங்கள் உண்டு, மகரந்தம் விழாவிட்டால் விதை இல்லை என்று சோதனை செய்து நிரூபித்தவர் ஜெர்மனியில் டூபிங்கன் ஊர்ப் பேராசிரியர் காமராரியஸ். 1694-இல் எழுதினார். அவர் சோதனை செய்த செடிகளில் ஒன்று நம்ம ஆமணக்கு! ஆண் பூக்களை விரியுமுன் கிள்ளி எடுத்துவிட்டார். காய் வந்தது, உள்ளே விதை இல்லை. 1717-இல் பாரிஸ் ராஜாங்கத் தோட்டத்தில் செபஸ்தியான் வையான் இதே விஷயத்தைக் கூட்டம் போட்டுச் சொற்பொழிவாகச் சொன்னார். பூவின் பாகங்களைக் கணவன் மனைவியாக வைத்து அவர் பேசியது பலருக்கு முகம் சுளிக்க வைத்தது.

சுவீடன் நாட்டு லின்னேயஸ் முகம் சுளிக்கவில்லை. 1735-இல் அவர் எல்லாத் தாவரங்களையும் 24 வகுப்புகளாகப் பிரித்தார். மகரந்தத் தாள் எத்தனை என்று எண்ணியே பிரித்தார். நம் ஆபீஸ் பாஷையில் சொன்னால், பூவைப் பிரித்து எண்ணி, அந்தந்தக் கட்டில் கட்டி வைத்துவிட்டார். 23 கட்டு சரியாக வந்தது. பாசி, பெரணி, காளான் இவற்றில் எண்ணுவதற்குப் பூவே இல்லை. ஆனாலும் இவை பெருகுகின்றன. ஆகவே எங்கேயோ மறைவாகக் கல்யாணம் நடக்கத்தான் வேண்டும் என்று எண்ணி, 24-ஆவது கட்டுக்கு ரகசியக் கல்யாணம் என்று பெயர் எழுதி மூடிவிட்டார். எந்தத் தலைப்பிலும் சேராத காகிதங்களைப் போட 'இதர' என்று ஒரு கோப்பு எல்லா ஆபீசிலும் இருக்குமே, அதே மாதிரி.

இந்த லின்னேயஸின் மாணவர் ஒருவர்தான் நம் பக்கத்துக்கு வந்தார். பெயர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக். 1768-இல் டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடி மிஷனுக்கு வைத்தியராக வந்து இறங்கினார். மிஷன் சம்பளம் செடி தேடும் ஆசைக்குப் போதவில்லை. 1774-இல் ஆற்காடு நவாப் முகமது அலியிடம் இயற்கை ஆராய்ச்சியாளராக வேலைக்குச் சேர்ந்தார். நான்கு வருஷத்துக்குப் பிறகு கம்பெனி சேவைக்கு மாறினார். காடு மேடு, சிலோன், சயாம் என்று அலைந்து 1785-இல் ஆந்திரக் கடற்கரையில் இறந்துபோனார். இன்றைக்கும் நம் வீட்டில் தாளிக்கும்போதெல்லாம் அவர் பெயர் எண்ணெயில் பொரிகிறது. கறிவேப்பிலையின் விஞ்ஞானப் பெயரில் இருக்கும் 'கோனிகி' என்பது இவரைத்தான் குறிக்கிறது. ஆனால் கோனிக் காலத்திலும் அந்த 24-ஆவது கட்டை யாரும் அவிழ்க்கவில்லை. தென்னிந்தியாவில் புதுப் பூக்கள் ஆயிரக்கணக்கில் பெயர் பெற்றுக்கொண்டிருந்தன. பெரணி எப்படிப் பெருகுகிறது என்று கேட்டால் அப்போது ஐரோப்பாவிலும் பதில் இல்லை.

கட்டை அவிழ்த்தவர்கள் யார் என்று பார்த்தால் எனக்குத் தனி சந்தோஷம். பெரிய பேராசிரியர்களைவிட, வேறு வேலை பார்த்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் உருப்பெருக்கியில் கண் வைத்தவர்கள் அதில் அதிகம். பாரிஸைச் சேர்ந்த குஸ்தாவ் துய்ரே சட்டம் படித்தவர், கான்ஸ்டாண்டிநோபிள் பிரெஞ்சுத் தூதரகத்தில் சிறிது காலம் உத்தியோகம் பார்த்தவர். அதை விட்டுவிட்டு செர்பூர் கடற்கரையில் பாறையில் ஒட்டி வளரும் பழுப்புப் பாசியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதன் ஆண் அணுக்களையும் முட்டைகளையும் தனித்தனிப் பாத்திரத்தில் விட்டார். தனியாக இருந்த முட்டைகள் சும்மா அழிந்தன. இரண்டையும் கலந்தபோது முட்டைகள் முளைத்தன. 1854-இல் இதை வெளியிட்டார். பாசிக்கும் கல்யாணம் உண்டு என்பதற்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

அவருக்கும் முன்னால், 1848-இல், சுமின்ஸ்கி என்ற போலந்துப் பிரபு பெரணியின் ரகசியத்தைப் பிடித்தார். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் முடவாட்டுக்காலின் கதையும் இதுதான்.

முடவாட்டுக்கால் ஒரு பெரணி. கொல்லிமலைக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். வழியெல்லாம் கூறு கட்டி வைத்து விற்பார்கள், பக்கத்திலேயே சூப்பும் கிடைக்கும். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் செடியின் தண்டு அது. மேலே பழுப்பு ரோமம் அடர்ந்து ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். சைவர்களுக்கு ஆட்டுக்கால் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. கிழங்கு என்கிறோமே தவிர மண்ணுக்குள் விளைவது அல்ல. இந்தச் செடியின் இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். ஏதோ பூச்சி விழுந்திருக்கிறது என்று நினைப்போம். அவைதான் ஸ்போர் பைகள். அவை வெடித்துத் தூள் பறக்கும். அந்தத் தூளை விதை என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். அதை விதைத்தால் பெரணி முளைக்காது! சுண்டுவிரல் நகம் அளவில், இதய வடிவத்தில், ஈர மண்ணோடு ஒட்டிய ஒரு பச்சைத் தகடுதான் முளைக்கும். இது ஏதோ வேறு பாசி என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

அந்தத் தகட்டின் அடியில்தான் எல்லாம் நடக்கிறது. அங்கே முட்டையும் உண்டு, ஆண் அணுவும் உண்டு. ஆண் அணு சுருள் மாதிரி இருக்கும், வாலை அடித்து நீந்தும். நீந்துவதற்கு ஒரு சொட்டு மழைத் தண்ணீராவது வேண்டும். அது போய் முட்டையோடு சேர்ந்தால் அந்தத் தகட்டின் மேலேயே புதுப் பெரணி முளைக்கும். தகடு காய்ந்துபோகும். ஆகவே பெரணியின் பிள்ளை பெரணியைப் போல இருப்பதில்லை. பேரன்தான் தாத்தாவைப் போல இருக்கிறான். நம் வழக்கத்தில் தாத்தா பெயரைப் பிள்ளைக்கு வைக்காமல் பேரனுக்கு வைக்கிறோம். பெயரன் என்பதுதான் பேரன் ஆனது என்று தமிழ் வாத்தியார்கள் சொல்வார்கள். பெரணி அதை உடம்பிலேயே செய்துகொண்டிருக்கிறது.

இந்தத் தலைமுறை மாற்றம் பெரணிக்கு மட்டும் உரியதல்ல, பாறையில் படரும் மாஸ் முதல் பைன் மரம் வரைக்கும் எல்லாவற்றுக்கும் ஒரே நூல்தான் ஓடுகிறது என்று காட்டியவர் வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர். லைப்சிக் நகரத்தில் அப்பாவின் இசைப் புத்தகக் கடையில் கணக்கு வழக்கு பார்த்தவர். பதினைந்து வயதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. கிட்டப்பார்வை அதிகம், அதனால் நுணுக்கமான பொருளைக் கண்ணருகே வைத்துப் பார்க்கச் சௌகரியம். கடை திறப்பதற்கு முன் விடியற்காலையில் எழுந்து ஊசியால் சூல்களைப் பிரித்துப் பார்ப்பாராம். 1851-இல், 27 வயதில், அவர் வெளியிட்ட புத்தகம் தாவர இயலையே திருப்பிப் போட்டது. டார்வின் புத்தகம் வருவதற்கு எட்டு வருஷம் முன்பு! 1863-இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் அவரை அழைத்துப் பேராசிரியர் ஆக்கியது. பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் எதுவும் அவர் வாங்கியதில்லை. பட்டமில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பதவி உயர்வு நின்றுபோன எத்தனையோ குமாஸ்தாக்களை எனக்குத் தெரியும். அதனால் இந்த வரியை எழுதும்போது கொஞ்சம் நிறுத்தி எழுதினேன்.

மாஸைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் நாம் எல்லாவற்றையும் பாசி என்றுவிடுகிறோம். குளத்தில் மிதப்பதும் பாசி, மழைக்காலத்தில் மதில் சுவரில் வெல்வெட் மாதிரி படர்வதும் பாசி, மசாலாவில் போடுவதும் பாசி. பிரெஞ்சில் மூன்றுக்கும் மூன்று பெயர். மதில் சுவரில் இருப்பதுதான் மாஸ். பெரணியில் எது பெரிய ஆளோ அது மாஸில் சின்ன ஆள். அவ்வளவுதான் வித்தியாசம். மசாலாவுக்குப் போகும் கல்பாசியோ செடியே அல்ல. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடித்தனம். அதன் பொடித்துகள் காற்றில் பறந்தாலே புது இடத்தில் குடித்தனம் ஆரம்பித்துவிடும்.

குளத்துப் பாசிக்கு வருவோம். நம்மில் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. திரும்பிப் பார்த்தவர் சென்னையில் ஒருவர் இருந்தார். எம்.ஓ.பி. ஐயங்கார் என்று தாவரவியல் படித்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். முழுப் பெயர் மண்டயம் ஒசூரி பார்த்தசாரதி ஐயங்கார், 1886-இல் பிறந்து 1963-இல் காலமானவர். மாநிலக் கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் இருந்துகொண்டு தென்னிந்தியக் குளம் குட்டைகளின் பாசியை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தார். இந்தியப் பாசியியலின் தந்தை என்பது அவருக்கு நிலைத்த பெயர். அவர் ஆராய்ந்தவற்றில் வால்வாக்ஸ் என்று ஒன்று. பச்சை நிறத்தில் குண்டூசித் தலை அளவில் உருண்டை, தண்ணீரில் உருண்டுகொண்டே நகரும். அதன் வயிற்றுக்குள் குட்டி உருண்டைகள் உண்டாகும். முதலில் அவை உட்புறம் வெளியாக இருக்கும். பிறகு சட்டையைத் திருப்புவது மாதிரி தம்மையே திருப்பிக்கொள்ளும். கடைசியில் தாய் உருண்டை கிழிந்து குட்டிகள் வெளியே வரும். பருவம் கெட்டால் ஆண் அணு, முட்டை என்று வேறு வழிக்குப் போகும். கல்யாணம் செய்துகொண்டும் பெருகலாம், செய்யாமலும் பெருகலாம் என்ற இரண்டு வசதியும் அதற்கு உண்டு. 1932-இல் ஐயங்கார் ஈர மண்ணில் வாழும் ஒரு புதுப் பாசியைக் கண்டுபிடித்து, லண்டன் பேராசிரியர் ஃப்ரிட்ச் நினைவாக ஃப்ரிட்சியெல்லா என்று பெயர் வைத்தார். தண்ணீர்ப் பாசி எப்படித் தரைக்கு ஏறி வந்திருக்கும் என்று யோசித்தவர்கள் எல்லாருக்கும் அது ஒரு முக்கிய சாட்சியாக இருந்தது.

கடையில் விற்கும் கடற்பாசி சிவப்புப் பாசி வகை. மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரம் பக்கத்துப் பெண்கள் தண்ணீரில் மூழ்கிப் பறித்து வருகிறார்கள். சிவப்புப் பாசியின் ஆண் அணுவுக்கு நீந்த வால் கிடையாது. அலை எங்கே கொண்டுபோகிறதோ அங்கேதான் போகும். அதன் வாழ்க்கை மூன்று கட்டமாகச் சுற்றும். இது எதற்கு நமக்கு என்று கேட்கலாம். ஜப்பான்காரர்களைக் கேட்க வேண்டும். அவர்கள் சோற்றைச் சுற்றிச் சாப்பிடும் நோரி என்பதும் ஒரு சிவப்புப் பாசி. நூற்றாண்டுகளாகக் கடலில் மூங்கிலை நட்டுவைத்து, தானாக வந்து ஒட்டினால் உண்டு என்று காத்திருந்தார்கள். விதை எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் விளைச்சல் அடியோடு விழுந்தது. 1949-இல் இங்கிலாந்தில் மான்செஸ்டரில் காத்லீன் ட்ரூ என்ற அம்மாள் இதற்கு விடை கண்டார். அந்தப் பாசி கோடைக் காலத்தைக் கிளிஞ்சல் ஓட்டுக்குள் சிவப்பு நூல் மாதிரி ஒளிந்து கழிக்கிறது என்று எழுதினார். அந்தச் சிவப்பு நூலை அதுவரைக்கும் வேறொரு தனிப் பாசி என்று நினைத்திருந்தார்கள். அந்த அம்மாள் கல்யாணம் ஆனவர் என்பதால் பல்கலைக்கழகத்தில் சம்பள வேலை கிடையாது, சம்பளமில்லாமல்தான் ஆராய்ச்சி செய்தார். ஜப்பான்காரர்கள் கிளிஞ்சலில் பாசியை வளர்த்து வலையில் விதைக்கக் கற்றுக்கொண்டார்கள். நோரி இன்று பெரிய தொழில். 1963-இல் அரியாகே கடலோரத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் வைத்தார்கள். வருஷா வருஷம் ஏப்ரல் 14 அன்று அங்கே கூடி மரியாதை செய்கிறார்கள். அவர் ஜப்பானுக்குப் போனதே இல்லை.

இனி அந்த மறைவான டப்பா.

மதனகாமப்பூ என்று விற்பது பூவே அல்ல. சைக்கஸ் என்ற மரத்தின் ஆண் கூம்பைப் பிரித்தெடுத்த செதில். பார்வைக்குச் சைக்கஸ் ஈச்சமரம் மாதிரி இருக்கும். அலங்காரத்துக்கு அதன் ஓலையைக் கட்டியிருப்பதைக் கல்யாண மண்டபங்களில் பார்த்திருப்பீர்கள். ஆனால் ஈச்ச மரத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பூ என்ற ஒன்றே உலகத்தில் தோன்றாத காலத்து வம்சம் அது. பூவும் கிடையாது, பழமும் கிடையாது. விதை மட்டும் திறந்த மேனியாக இலை மாதிரியான ஒன்றின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். பனையைப் போலவே ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் மரத்தின் உச்சியில் பெரிய கூம்பு ஒன்று எழும், வாடை அடிக்கும். அதன் செதில் ஒவ்வொன்றின் அடியிலும் மகரந்தப் பைகள். அந்தச் செதில்தான் காய்ந்து கடைக்கு வருகிறது.

இந்த மரத்தின் கல்யாணத்தில் ஒரு விசேஷம். மகரந்தம் காற்றிலோ வண்டிலோ பெண் மரத்துக்குப் போய்ச் சேரும். அதோடு முடிந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். 1896-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் படம் வரையும் வேலைக்கு வந்து உதவியாளராக இருந்த ஹிராசே என்பவர் கிங்க்கோ மரத்தின் சூலை வெட்டிப் பார்த்தார். உள்ளே ஆண் அணு நீந்திக்கொண்டிருந்தது. அதே வருஷம் இக்கேனோ சைக்கஸிலும் அதையே கண்டார். அதாவது பெரணி மழைத் தண்ணீரில் செய்ததை இந்த மரம் தன் சூலுக்குள்ளேயே ஒரு சொட்டு நீரை வைத்துக்கொண்டு செய்கிறது. சைக்கஸ் வகை ஆண் அணு தாவரங்களிலேயே பெரியது. நல்ல பார்வை உள்ளவர்களுக்கு வெறுங்கண்ணிலேயே புள்ளியாகத் தெரியும். கடலில் தொடங்கிய கல்யாணம் மலை மேல் ஏறியும் தண்ணீரை விடவில்லை. ரகசியக் கல்யாணத்துக்கும் வெளிப்படையான கல்யாணத்துக்கும் நடுவில் நிற்கும் மரம் இது. எங்கள் வாத்தியாரின் இரண்டு பத்திகளில் எதில் எழுதுவது என்று திண்டாட வேண்டிய மரம்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு சைக்கஸ் உண்டு. நமக்கு அதைவிடப் பக்கத்தில், திருமலை முதல் கடப்பை வரையிலான மலைகளில், இன்னொன்று உண்டு. அதன் பெயர் சைக்கஸ் பெடோமி. உலகத்தில் வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை. பெடோம் என்பவர் பட்டாளத்துக்காரர், சென்னை மாகாணக் காட்டிலாகாவின் தலைவராக இருந்தவர். தென்னிந்தியப் பெரணிகளைப் பற்றி 1863-இலேயே படங்களோடு புத்தகம் கொண்டுவந்தவரும் அவர்தான். முடவாட்டுக்காலையும் மதனகாமப்பூவையும் ஒரே ஆளின் பெயரில் கட்டிவிடலாம் போலிருக்கிறது! அந்தத் திருமலை சைக்கஸ், அழியும் உயிர்களின் வாணிபத்தைத் தடுக்கும் சைட்டிஸ் என்ற உலக உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. புலி இருக்கும் பட்டியல் அது. சைக்கஸ் இனங்களில் முதல் பட்டியலில் உள்ளது இது ஒன்றுதான்.

மரத்தை யாரும் வெட்டவில்லையே, செதிலைத்தானே எடுக்கிறார்கள் என்று தோன்றும். கூம்பு முற்றி மகரந்தம் பறப்பதற்கு முன்பே அதை வெட்டி எடுத்துவிட்டால், அந்த மலைச்சரிவில் உள்ள பெண் மரங்களுக்கு அந்த வருஷம் மகரந்தம் இல்லை. மிக மெதுவாக வளரும் மரம். கூம்பு வைக்கும் வயதுக்கு வரவே பல வருஷம் ஆகும். மரங்கள் எல்லாம் பச்சையாகத்தான் நிற்கும், போய்ப் பார்க்கிற அதிகாரிக்கு எண்ணிக்கை குறைந்ததாகத் தெரியாது. கன்று மட்டும் இருக்காது. ஒரு வீட்டில் பெரியவர்கள் எல்லாரும் சௌக்கியமாக இருக்கிறார்கள், தொட்டில் மட்டும் இல்லை என்றால் எப்படியோ அப்படி. பிள்ளை வரத்துக்காக வாங்கும் மருந்து அந்த மரத்தின் பிள்ளை வரத்தை எடுத்துவிடுகிறது. மதனகாமப்பூ கேட்டு வருகிறவரிடம் இதையெல்லாம் சொன்னால் யார் கேட்பார்கள்? அதே காரியத்துக்கு அமுக்கரா கிழங்கு இருக்கிறது. வயலில் பயிர் செய்கிறார்கள், விதை போட்டால் முளைக்கிறது. முடவாட்டுக்காலுக்கும் இதே கணக்கு உண்டு. தண்டை எடுத்தால் செடியையே எடுத்த மாதிரி. ஸ்போர் முளைத்துத் தகடாகி, தகட்டில் மழை பெய்து, மறுபடி பெரணி ஆகி, ஆட்டுக்கால் கனத்துக்கு வளர வேண்டும். ஒரு துண்டைப் பாறையிலேயே விட்டுவிட்டு எடுத்தால் அது துளிர்த்துக்கொள்ளும்.

பூக்கும் தாவரங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் முடிவு கிடையாது. நம் கண்ணில் படும் செடிகளில் பெரும்பாலும் அவைதான். வயிரம் வெளியில் இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம் என்று தொல்காப்பிய மரபியலே இவற்றை இரண்டாகப் பிரித்துவிட்டது. பனையும் தென்னையும் அந்தக் கணக்கில் புல்தான். ஐரோப்பியர்கள் ஒற்றை விதையிலை, இரட்டை விதையிலை என்று பிரித்ததும் ஏறக்குறைய அதே கோட்டில்தான் விழுகிறது. ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். பூக்கும் செடியில் மகரந்தத்திலிருந்து இரண்டு ஆண் அணுக்கள் வருகின்றன. ஒன்று முட்டையோடு சேர்ந்து கரு ஆகிறது. இன்னொன்று பக்கத்து அணுவோடு சேர்ந்து கருவுக்குச் சாப்பாடு ஆகிறது. 1898-இல் ரஷ்யாவின் நவாஷினும், 1899-இல் பாரிஸின் லெயோன் கின்யாரும் இதைத் தனித்தனியே கண்டார்கள். எங்கள் பள்ளியில் கின்யார் பெயரை மட்டும்தான் சொல்லிக் கொடுத்தார்கள், நவாஷினை நான் தமிழ்நாட்டுக்கு வந்த பிறகுதான் கேள்விப்பட்டேன். நாம் குடிக்கும் இளநீர் அந்த இரண்டாவது கல்யாணத்தின் பலன், குழந்தைக்கு வைத்த பால். கல்யாணத்தில் வாழையடி வாழையாக என்று வாழ்த்துகிறோமே, அந்த வாழைக்குத்தான் கல்யாணமே கிடையாது! பக்கக் கன்றிலேயே பெருகுகிறது. பழத்துக்குள் தெரியும் கறுப்புப் புள்ளிதான் பாக்கி.

கடைசியாகத் தோல். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் ஒரு காலத்தில் உயிர். காட்டோரத்திலும் புறம்போக்கிலும் தானாக வளர்ந்த ஆவாரையின் கிளைகளை வெட்டி, தட்டிப் பட்டை உரித்து, மூட்டை மூட்டையாகத் தொட்டிக்கு வரும். ஆவாரை அதற்கெல்லாம் சாகாது. அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். ஆனால் துளிர்த்தது பூத்து விதை வைக்கும்வரைக்கும் விட்டு வைக்க வேண்டுமே. ஆவாரம்பூவில் தேன் கிடையாது. கரிய பெரிய தச்சன் வண்டு வந்து பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிர வைக்கும். அந்த அதிர்ச்சியில்தான் மகரந்தப் பை நுனித் துளையிலிருந்து தூள் கொட்டும். ஆவாரங்காட்டில் வெயில் நேரத்தில் ரீங்காரம் கேட்டிருந்தால் அது இந்த வேலைதான்.

தொழில் பெருகப் பெருக ஆவாரை போதவில்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை கப்பலில் வந்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மரம் அது, நம் மலைக்காரர்கள் சீகை என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டிலேயே நீலகிரிக்கு விறகுக்காகக் கொண்டுவந்திருந்தார்கள். அப்புறம் பட்டைக்காகவே நீலகிரியிலும் கொடைக்கானலிலும் புல்வெளிகளில் ஏக்கர் ஏக்கராக நட்டார்கள். நம் தொட்டிகளுக்கு வேண்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம். பிறகு குரோம் முறை வந்து பட்டைக்குத் தேவை குறைந்துபோனது. மரம் போகவில்லை. அதன் விதைக்குத் தோல் கெட்டி. மண்ணுக்குள் ஐம்பது வருஷம்கூட உயிரோடு கிடக்கும், மேலே தீ பட்டால் சந்தோஷமாக முளைக்கும். ஒரு மரத்தை வெட்டினால் அந்த இடத்தில் வெயில் பட்டு நூறு கன்று எழும்பும். தோடர்களின் எருமை மேய்ந்த புல்வெளிகளில் பெரும்பகுதி இன்று அந்த மரத்துக்கு அடியில். 2022-இல் தமிழக அரசு அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. வெட்டுவது சுலபம். அதன் பிறகு எத்தனை வருஷம் கன்று பிடுங்க வேண்டும் என்பதுதான் செலவு.

ஆவாரை இப்போதும் வேலூர்ப் பக்கத்துச் சாலை ஓரங்களில் நிற்கிறது. பட்டைக்காக அதை யாரும் வெட்டுவதில்லை. போகிக்கு முதல் நாள் மட்டும் பூளைப்பூவோடும் வேப்பிலையோடும் சேர்த்துக் காப்புக் கட்டக் கொத்துக் கொத்தாக ஒடித்து பஜாருக்குக் கொண்டுவருகிறார்கள். அதற்குள் அதில் பாதிக்கு மேல் காய் முற்றியிருக்கும். விதை கீழே விழுந்திருக்கும்.